இரண்டின் 31ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு

கேள்வி இது: "2147483647 ஒரு பகா எண் என்று படித்தேன். கணினியிலும் இதே எண் அடிக்கடி கண்ணில் படுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? கணக்கில் இந்த எண்ணுக்கு வேறு என்ன விசேஷம்? கணினியே இல்லாத காலத்தில் இது பகா எண் என்று எப்படி உறுதி செய்தார்கள்?"

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது, அதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன். அதற்கு முன்னால் எண்ணை ஒருமுறை சரியாகப் பார்த்துவிடலாம். 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இப்படிச் சொன்னால் ஏதோ ரசீது எண் மாதிரிதான் இருக்கும், ஒரு அழகும் தெரியாது. 0, 1 இரண்டை மட்டும் வைத்து இரும முறையில் எழுதினால்தான் முகம் தெரியும்: வரிசையாக 31 ஒன்றுகள், நடுவில் ஒரு சைபர்கூடக் கிடையாது. நமக்குப் பழக்கமான பதின்ம முறையில் 999 என்பது ஆயிரத்துக்கு ஒன்று குறைவு அல்லவா? அதுபோல இது 2³¹-க்கு ஒன்று குறைவு. கீழே நான் சொல்லப்போகிற அத்தனை குணங்களும் இந்த 'ஒன்று குறைவு' என்பதிலிருந்துதான் வருகின்றன. இது பகா எண் என்பதற்காக மட்டும் யாரும் இதைக் கொண்டாடவில்லை. பக்கத்திலேயே 2147483629, 2147483659 என்று இரண்டு பகா எண்கள் உண்டு. அவற்றைப் பற்றி யாராவது உங்களிடம் கேட்டிருக்கிறார்களா?

இரண்டின் அடுக்குக்கு ஒன்று குறைவாக உள்ள எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மரேன் மெர்சென் 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த துறவி. இந்த எண்களில் முதலில் கவனிக்க வேண்டியது அடுக்கு. அது பகு எண்ணாக இருந்தால் எண்ணும் பகு எண்தான். காரணம் மிக எளிது. 999999-ஐப் பாருங்கள்: அது 999 × 1001. இரும முறையிலும் அதேதான். ஆறு ஒன்றுகளை அடுத்தடுத்து எழுதினால், மூன்று ஒன்றுகள் அதை மீதியில்லாமல் வகுத்துவிடும். அதாவது 63 = 7 × 9. ஒன்றுகளைச் சம நீளத் துண்டுகளாக வெட்ட முடிந்தால் எண்ணும் உடையும். 31 பகா எண் என்பதால் 31 ஒன்றுகளை அப்படி வெட்ட வழியில்லை. அது நல்ல அறிகுறி, அவ்வளவுதான். 11ஐயும் வெட்ட முடியாது; ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அடுக்கு பகா எண்ணாக இருப்பது வாசலில் நுழையும் அனுமதிச் சீட்டு மாதிரி, உள்ளே இடம் கிடைக்கும் என்று பொருளில்லை. 2, 3, 5, 7, 13, 17, 19 ஆகிய அடுக்குகளுக்கு இடம் கிடைத்தது. அப்புறம் 31. ஆக நம் எண் எட்டாவது மெர்சென் பகா எண்.

இந்தப் பட்டியலைத் தயாரித்த வரலாறு முழுக்கச் சறுக்கல்கள். இத்தாலியில் பியெத்ரோ கட்டால்டி 750 வரையிலான பகா எண்களைப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, 17, 19 ஆகிய அடுக்குகளுக்கு ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து நிரூபித்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். 23, 29, 31, 37 ஆகியவையும் சரியாக வரும் என்று 1603-இல் எழுதிவைத்தார். இந்த நான்கில் 31 மட்டுமே உண்மை. 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா 23, 37 ஆகிய அடுக்குகளுக்கு வரும் எண்களை உடைத்தார். முதலாவதை 47 வகுக்கும், இரண்டாவதை 223 வகுக்கும். 29-ஐப் பிறகு ஆய்லர் உடைத்தார், அதை 233 வகுக்கும். மெர்சென் 1644-இல் தன் பட்டியலை வெளியிட்டார். அதிலும் 67, 257 இரண்டும் தவறு, 61, 89, 107 மூன்றும் விடுபட்டிருந்தன. இரண்டு பட்டியல்களிலும் 31 இருந்தது. ஆனால் இருவருமே நிரூபிக்கவில்லை.

நிரூபித்தவர் லியோனார்டு ஆய்லர். 1772-இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தபோது, பெர்னூலி குடும்பக் கணிதவியலாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். அப்போது அவருக்கு வயது 65. வலக்கண் எப்போதோ போய்விட்டது; இடக்கண்ணில் புரை விழுந்து, 1771-இல் செய்த அறுவைச் சிகிச்சையும் பலிக்காமல், ஏறக்குறையப் பார்வையே இல்லாத நிலை. கணக்கை மனத்தில் ஓட்டி, பக்கத்தில் இருப்பவர்களை எழுதச் சொல்லித்தான் வேலை செய்தார்.

சரி, அவர் என்ன செய்தார்? ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரையிலுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேல். அதுவரை சுமார் 4,800 பகா எண்கள் உண்டு. பத்து இலக்க எண்ணை 4,800 முறை வகுப்பது நடக்காத காரியம் இல்லை, ஆனால் எங்கோ ஓரிடத்தில் கணக்குப் பிசகும். ஆய்லர் வகுக்கத் தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்டார்: இந்த எண்ணை ஏதோ ஒரு பகா எண் வகுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த வகுத்தி எப்படிப்பட்டதாக இருக்க முடியும்?

அந்த வகுத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் அதால் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 31ஆம் படியில் மீதி திரும்ப 1 ஆகிவிடும், ஏனென்றால் அந்த வகுத்தி 2³¹ − 1-ஐ மீதியில்லாமல் வகுக்கிறது. ஆக மீதிகள் ஒரு சக்கரம்போலச் சுற்றுகின்றன. ஒரு சுற்றின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண், அதனால் நீளம் சரியாக 31. இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறு தேற்றம் என்ன சொல்கிறது? வகுத்தியில் ஒன்றைக் கழித்து, அத்தனை படிகள் போனாலும் மீதி 1 ஆகும். இரண்டும் பொருந்த வேண்டுமானால் வகுத்தியில் ஒன்று கழித்தால் வருவது 31-இன் மடங்காக இருக்க வேண்டும். வகுத்தி ஒற்றைப்படை எண் என்பதால் அது இரட்டைப்படையும்கூட. எனவே 62-இன் மடங்கு. ஒரே அடியில் பெரும்பாலான பகா எண்கள் கழிந்துபோயின. 2047-இலும் இந்த விதியைச் சரிபார்த்துக்கொள்ளலாம்: அங்கே அடுக்கு 11, எனவே 22-இன் மடங்கு வர வேண்டும். 23 − 1 = 22, 89 − 1 = 88. சரிதானே?

இரண்டாவது சல்லடையும் உண்டு. 2³¹ வகுபட்டு மீதி 1 வருகிறது என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது இந்த வகுத்தியின் உலகத்தில் 2 என்பது ஒரு வர்க்கத்தின் மீதி. அப்படி நடப்பது, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் பகா எண்களுக்கு மட்டும்தான். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துப் பிழிந்தால், வகுத்தியை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆக இருந்தாக வேண்டும். 46,340 வரை அப்படிப்பட்ட எண்கள் 372 மட்டுமே, 63-ஐ விட்டுவிட்டால். அவற்றிலும் பகா எண்கள் ஏறத்தாழ 80தான்.

கையோடு ஒன்றிரண்டு பார்த்துவிடலாம். வரிசை இப்படிப் போகும்: 249 மூன்றால் வகுபடும், வேண்டாம். 311 பகா எண், வைத்துக்கொள்ளலாம். 497 ஏழால் வகுபடும். 559 = 13 × 43. 745 ஐந்தால். 807 மூன்றால். 993-ம் மூன்றால். 1055 ஐந்தால். 1241 = 17 × 73. அடுத்து 1303, அது பகா எண். ஆக 1,303 வரை போயும் நாம் வகுத்துப் பார்க்க வேண்டியவை இரண்டே இரண்டு எண்கள். எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் சிரிப்பு வரும். கட்டால்டி தன் பட்டியலை வைத்துக்கொண்டு 750 வரை உழைத்திருந்தால், அந்த உழைப்பில் 311-ஐத் தவிர எல்லாமே வீண்.

311-ஐ வகுத்துப் பார்க்க 2147483647-ஐ முழுதாக எழுதவும் தேவையில்லை. 2⁸ = 256, அது 311-ஐவிட 55 குறைவு, −55 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கம் 3025. 311-இன் மடங்குகளைத் தள்ளினால் 226, அதாவது −85. இது 2¹⁶. இரண்டையும் பெருக்கினால் 2²⁴: 55 × 85 = 4675, மீதி 10. மிச்சமிருப்பது 2⁷ = 128. 10 × 128 = 1280, மீதி 36. ஒன்று கழித்தால் 35. பூஜ்யம் இல்லை, எனவே 311 வகுக்காது. ஒரு கைக்கடுதாசியின் பின்பக்கமே போதும். இப்படியே எண்பது தடவை செய்தால் ஆய்லர் செய்து முடித்ததை நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம். அவர் எல்லாவற்றையும் பார்த்தார், ஒன்றும் வகுக்கவில்லை. அன்றிலிருந்து பல பத்தாண்டுகள் மனிதர்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான்.

இன்றைக்கு இதற்கு இன்னும் நேர்த்தியான சோதனை இருக்கிறது. எத்துவார் லூகா 1870-களில் அடித்தளம் போட்டார், டெரிக் ஹென்றி லெமர் 1930-இல் இப்போதைய வடிவம் கொடுத்தார். 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வர்க்கம், மறுபடி 2 கழித்தல். அடுக்கில் இரண்டு குறைத்தால் எத்தனையோ அத்தனை தடவை இதைச் செய்த பிறகு மீதி பூஜ்யம் வந்தால் அது பகா எண், வராவிட்டால் இல்லை. 31-ஐயே எடுத்துப் பார்க்கலாம், அது 2⁵ − 1. 4, அடுத்து 14, அடுத்து 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. அடுத்து 64 − 2 = 62, மீதி பூஜ்யம். மூன்றே படி.

நம் எண்ணுக்கு 29 படிகள். 4, 14, 194, 37634, 1416317954 என்று தொடங்கும். அதற்கு மேல் மீதிகள் கண்டபடி குதிக்கும், எந்த ஒழுங்கும் தெரியாது. ஆனால் கடைசிக்கு முந்தைய படியில் திடீரென்று 65536 வந்து நிற்கும். அது 2¹⁶. அதன் வர்க்கம் 4294967296, அதில் 2 கழித்தால் 4294967294. அது 2147483647-இன் சரியான இரு மடங்கு. மீதி பூஜ்யம். இருபதுக்கும் மேற்பட்ட படிகள் இருட்டில் நடந்துவிட்டு, கடைசியில் இரண்டின் ஓர் அடுக்கில் வந்து இறங்குவதை நான் முதல்முறை திரையில் பார்த்தபோது நிரலில் ஏதோ தப்பு என்றுதான் நினைத்தேன். தப்பில்லை. வர்க்கப்படுத்தி இரண்டைக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டுமென்றால், முந்தைய எண்ணின் வர்க்கம் 2 ஆக இருந்தாக வேண்டும். இந்த உலகத்தில் 2³² என்பதே 2தான், எனவே அதன் வர்க்கமூலம் 2¹⁶ அல்லது அதன் எதிர்மறை. வேறு எதுவும் அங்கே வர முடியாது.

அடுத்த குணம் மிகப் பழையது. ஓர் எண்ணை, அதையே விட்டுவிட்டு, மற்ற எல்லா வகுத்திகளையும் கூட்டினால் அந்த எண்ணே வந்தால் அதற்கு நிறைவெண் என்று பெயர். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. இரண்டின் அடுக்குக்கு ஒன்று குறைவான ஒரு பகா எண் கிடைத்தால், அதை இரண்டின் முந்தைய அடுக்கால் பெருக்கினால் நிறைவெண் கிடைக்கும் என்பது யூக்ளிட் காலத்திலேயே தெரியும். இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாமே இப்படித்தான் வரும் என்று நிரூபித்ததும் ஆய்லர்தான். நம் எண்ணிலிருந்து கிடைப்பது 2³⁰ × 2147483647 = 2305843008139952128. எட்டாவது நிறைவெண், 19 இலக்கம்.

இதை இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: 1-இலிருந்து 2147483647 வரையிலான எல்லா முழு எண்களையும் கூட்டினால் வருவது சரியாக இந்த நிறைவெண். 1, 3, 5 என்று 65535 வரையிலான ஒற்றைப்படை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதே விடைதான். நம்பச் சிரமமாக இருந்தால் 28-இல் பாருங்கள்: 1 முதல் 7 வரை கூட்டினால் 28, 1-இன் கனமும் 3-இன் கனமும் சேர்ந்தாலும் 28.

1811-இல் இங்கிலாந்துக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ, இதற்கு மேல் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்று எழுதினார். இவை வெறும் வேடிக்கை, பயன் இல்லாதவை, எனவே யார் மெனக்கெடப் போகிறார்கள் என்பது அவர் வாதம். மனிதர்களை அவர் சரியாக எடைபோடவில்லை. 1876-இல் லூகா 2¹²⁷ − 1 பகா எண் என்றார். 1883-இல் ரஷ்யப் பாதிரியார் இவான் பெர்வூஷின் 2⁶¹ − 1-ஐக் கண்டுபிடித்தார். இன்றைய சாதனை 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. அதில் 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உண்டு. லூக் டியூராண்ட் என்பவர் கிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலில் கண்டுபிடித்தது. அதையும் சரிபார்த்தது மேலே சொன்ன அதே "வர்க்கப்படுத்து, இரண்டைக் கழி" சோதனைதான்.

சின்னதாக ஒன்று. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்பது லாக்ராஞ்சின் தேற்றம். பல எண்களுக்கு இரண்டோ மூன்றோ போதும். நம் எண்ணுக்குப் போதாது. எந்த வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 மூன்றில் ஒன்றுதான். இவற்றில் மூன்றை எப்படிச் சேர்த்தாலும் மீதி 7 வராது. 31 ஒன்றுகளில் கடைசி மூன்று ஒன்றுகள் 7 அல்லவா? அதனால் நான்கு வர்க்கங்கள் வேண்டியே தீரும். நான் உட்கார்ந்து தேடியதில் அழகான ஒன்று கிடைத்தது: 46339² + 425² + 10² + 1². கூட்டிப் பாருங்கள்.

நடைமுறையில் மிகவும் உதவிய குணம் வேறு. பள்ளிக்கூடத்தில் ஓர் எண் 9-ஆல் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டுவோம். 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் அந்தத் தந்திரம் பலிக்கிறது. இங்கே 2³¹-ஐ 2147483647-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே எவ்வளவு பெரிய எண்ணையும் இரும முறையில் எழுதி, 31 பிட் (பிட் என்றால் ஓர் இரும இலக்கம்) துண்டுகளாக நறுக்கிக் கூட்டினால் மீதி கிடைத்துவிடும், வகுக்கவே வேண்டாம். சின்ன அண்ணன் 31-ஐ வைத்துப் பாருங்கள், அங்கே துண்டு 5 பிட், அதாவது 32-ஆக நறுக்க வேண்டும். 1000 என்பது 31 × 32 + 8. 31-ஐயும் 8-ஐயும் கூட்டினால் 39. அது 1 × 32 + 7, கூட்டினால் 8. 1000-ஐ 31-ஆல் வகுத்தால் மீதி 8தான். வகுத்தல் என்பது கணினிக்கு மெதுவான வேலை, நகர்த்துவதும் கூட்டுவதும் வேகமான வேலை. ஒரு பெரிய பகா எண்ணால் வகுத்து வரும் மீதிகளை வைத்தே கணக்குப் போட வேண்டியவர்களுக்கு இது சும்மா கிடைத்த லாபம்.

அந்த லாபத்தை எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர்கள் சமவாய்ப்பு எண் தயாரிப்பவர்கள். ஓர் எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகுத்து மீதியை எடு, அதுதான் அடுத்த எண். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று ஓடும். பார்ப்பதற்கு ஒழுங்கே இருக்காது. ஏன் 16807? அது 7-இன் ஐந்தாம் அடுக்கு. இந்தப் பகா எண்ணின் உலகத்தில் 7-ஐ அடுக்கிக்கொண்டே போனால் 1 முதல் 2147483646 வரையிலான ஒவ்வோர் எண்ணையும் ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் தொடங்கிய இடத்துக்கு வரும். அந்தக் குணம் உள்ள மிகச் சிறிய எண்ணும் 7தான். 2-ஐ அடுக்கினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம், 31 படியில் சுற்று முடிந்துவிடும். சமவாய்ப்புக்கு அது உதவாது. 7 முழுச் சுற்றும் சுற்றுகிறதா என்று சரிபார்க்க 214 கோடி படிகள் நடக்க வேண்டாம். நம் எண்ணில் ஒன்று குறைத்தால் வருவது 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. ஏழு பகாக் காரணிகள், ஏழு சோதனைகள், முடிந்தது.

1988-இல் பார்க், மில்லர் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் இதையே குறைந்தபட்சத் தரம் என்று பரிந்துரைத்தார்கள். நிரலைச் சரியாக எழுதினோமா என்று பார்க்க அவர்கள் கொடுத்த சோதனை எனக்கு மனப்பாடம்: 1-இல் தொடங்கிப் பத்தாயிரம் முறை ஓட்டினால் 1043618065 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பெருக்கல் நிரம்பி வழிந்திருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கடவுச்சொல் தயாரிக்க இதைத் தொடாதீர்கள். ஓர் எண் தெரிந்தால் அடுத்ததை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

இப்போது முதல் கேள்வி. கணினியில் இந்த எண் ஏன் வருகிறது? 32 பிட் இடத்தில் ஒரு பிட்டைக் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒதுக்கினால் மிச்சம் 31. எல்லாவற்றிலும் ஒன்று போட்டு நிரப்பினால் அதற்கு மேல் இடமில்லை. அவ்வளவுதான். அது பகா எண் என்பதற்கும் இதற்கும் காரண காரியத் தொடர்பு எதுவுமில்லை. அதே முறையில் 16 பிட்டுக்கு உச்சம் 32767, அது 7 × 31 × 151. 64 பிட்டுக்கு 2⁶³ − 1. அடுக்கு 63 பகு எண், எனவே அனுமதிச் சீட்டே கிடையாது, 7-ஆல் வகுபடும். 8 பிட்டுக்கு 127, அது பகா எண். அடுக்கு 7 ஆகவும் 31 ஆகவும் அமைந்தது எதேச்சை. நல்ல எதேச்சை என்பேன், ஏனென்றால் 32 பிட் இயந்திரங்களில் பிடிக்கக்கூடிய மிகப் பெரிய எண்ணே பகா எண்ணாகவும் அமைந்ததால்தான் மேலே சொன்ன சமவாய்ப்புக் கணக்கு அந்த இயந்திரங்களில் அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்தது.

இந்த எண்ணைத் தொட்டுவிட்டு ஒன்று கூட்டினால் பல நிரல் மொழிகளில் −2147483648 வந்து நிற்கும். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு பதிவு அட்டவணையின் வரிசை எண் இந்த உச்சத்தைத் தொட்டது. இரவு பதினொன்றரைக்குத் தொலைபேசி: புதிதாக ஒரு பதிவும் சேர மாட்டேன் என்கிறது. திரையில் கடைசி வரிசை எண் 2147483647 என்று பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தம்பிக்கு இது பகா எண் என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். உலகம் அறிந்த உதாரணம் 2014 டிசம்பரில் நடந்தது: கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' பாட்டுக்குப் பார்வைகள் இந்த எண்ணை நெருங்கித் தாண்ட, யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியது. இனி வரப்போவது 2038 ஜனவரி 19. 1970-இன் தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணும் கருவிகள், அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு 2147483647-ஐத் தொடும். அடுத்த நொடி அவற்றுக்கு 1901 டிசம்பர்.

பகா எண்களின் வரிசையில் இதற்கு எந்த இடம் என்று கேட்டால், 10 கோடியே 50 லட்சத்து 97 ஆயிரத்து 565ஆவது. இந்த அளவு எண்களில் ஒரு பகா எண்ணுக்கும் அடுத்ததற்கும் சராசரி இடைவெளி 21 அல்லது 22. நம் எண்ணுக்கு முன்னால் 18, பின்னால் 12. அக்கம்பக்கத்தைப் பொறுத்தவரை ரொம்பச் சாதாரணமான ஆள்.

கடைசியாக ஒன்று. 3 மெர்சென் பகா எண், அதை அடுக்காக வைத்தால் 2³ − 1 = 7, அதுவும் பகா எண். 7-ஐ அடுக்காக வைத்தால் 127, பகா எண். 127-ஐ வைத்தால் லூகா கண்டுபிடித்த எண், அதுவும் பகா எண். 5-இலிருந்து 31, 31-இலிருந்து நம் எண். அப்படியானால் 2147483647-ஐயே அடுக்காக வைத்தால்? அந்த எண்ணில் சுமார் 64 கோடியே 64 லட்சம் இலக்கங்கள் இருக்கும், எழுதினால் ஒரு நூலகமே வேண்டும். ஆனால் அது பகா எண் இல்லை. அதை 295257526626031 என்ற எண் மீதியில்லாமல் வகுக்கிறது. இந்த வகுத்தியில் ஒன்று கழித்துப் பாருங்கள்: 2 × 68745 × 2147483647. ஆய்லர் 372 எண்களைப் பொறுக்கி எடுத்த அதே விதிப்படி, அடுக்கின் இரு மடங்கின் மடங்கு, கூட ஒன்று.